முழந்தாட் பிறையும் கரையும் ஆணியும்

மக்கள் யாக்கையிலுள்ள உறுப்புக்களுள், நலமாயிருக்குங்கால் நினைக்கப்படாமலும் நலங்கெட்டவிடத்து ஒரு கணமும் மறக்கப்படாமலும் இருப்பவை சில உள. அவற்றுள் முழந்தாள் தலையாயது. நிற்றலும் நடத்தலும், இருத்தலும் எழுதலும், படியேறுதலும் பாரஞ்சுமத்தலும் அதனையே பற்றி நிகழ்கின்றன. அம்மூட்டினுள் இரண்டு எலும்புகளுக்கு இடையே அமைந்துள்ள ஒரு சிறு குருத்தெலும்பைப் பற்றியும், அது கிழிந்தவிடத்துப் பொருத்துதற்கு மேனாட்டார் கண்ட, உடம்பினுள்ளேயே கரைந்து மறையும் ஆணியைப் பற்றியும் ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றோம்.

இப்பொருள் வைத்தியர்க்கே உரியதென்று நம் மாணவர் ஒதுக்கிவிடலாகாது. பந்தாடும் இளைஞர்க்கும், மூட்டை சுமக்கும் தொழிலாளர்க்கும், கடலை நம்பி வாழும் பரதவர்க்கும் இஃது ஒருநாள் தம் பிழைப்பைப் பற்றிய கேள்வியாய் வந்து நிற்கக்கூடும். அன்றியும், உடற்கூற்று நூலும் இரசாயனமும் பௌதிகமும் தம்முள் கைகோத்து நிற்பதை இதிற் காணலாம். ஒரு கருவி தோன்றிப் புகழெய்தி, பின்னர்த் தன் குறை வெளிப்பட்டு ஒதுங்கிய வரலாறும் இதில் உண்டு. அவ்வரலாறு கற்போர்க்கு நல்லதொரு பாடமாம்.

கோவள மணலும் முழந்தாளும்

சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுக் கழியைக் கடந்தவுடன் அமைந்திருப்பது கோவளம். 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாய்ப் பிரிந்த செங்கற்பட்டில் திருப்போரூர் வட்டத்தைச் சார்ந்தது இவ்வூர். 1752-ஆம் ஆண்டில் கிளைவு என்பான் இவ்வூர்க் கோட்டையைக் கைப்பற்றிய செய்தியைச் சரித்திர மாணவர் அறிவர். இக்காலத்திலோ இதன் பெயரை நாடறியச் செய்தவை இதன் அலைகளே. 2013-ஆம் ஆண்டு முதல் இங்கு நிகழ்ந்த அலைச்சறுக்குப் போட்டிகளும், 2021-ஆம் ஆண்டில் இக்கடற்கரை பெற்ற நீலக்கொடிச் சான்றும் பலரை இவ்வூர்க்கு ஈர்த்தன. எனினும் இம்மணலில் முதலுரிமை உடையோர் மீன்பிடிப்போரே ஆவர்.

கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகும் புறத்தே பொருத்தும் இயந்திரமும் பெரிதும் கவர்ந்துகொண்டன. ஆயினும் கரையினின்று படகை நீரிற் செலுத்துங்கால் தோள்கொடுத்துத் தள்ளும் வேலை அடியோடு ஒழிந்துவிடவில்லை. அவ்வேலையைச் சற்றே ஊன்றி நோக்குமின். ஒருவன் ஈரமணலிற் கால் புதைய நின்று, முழந்தாளை மடக்கி, முழு வலியோடும் படகை முன்னே உந்துகின்றான். அவ்வேளை ஓர் அலை பக்கவாட்டில் வந்து படகைத் திருப்புகின்றது. படகோடு அவன் உடலும் திரும்புகின்றது. மணலிற் புதைந்த பாதமோ திரும்புவதில்லை. மேலெலும்பு ஒருபுறமும் கீழெலும்பு மறுபுறமுமாய் முறுகும் அந்நொடியில், இரண்டிற்கும் இடையே அகப்பட்ட குருத்தெலும்பு திருகையிற் சிக்கிய தானியம்போல் நசுங்கிக் கிழிகின்றது. அலைச்சறுக்குப் பலகையில் முழந்தாளை மடித்து நிற்போர்க்கும், பந்தாட்டக் களத்தில் ஓடுங்கால் சட்டெனத் திரும்புவோர்க்கும் நேர்வது இதுவே. மடக்கமும், பாரமும், முறுக்கும் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடியவிடத்து இக்கேடு விளையும் என்று அறிக.

கிழிந்த நாளில் வலி தோன்றும். வீக்கம் பெரும்பாலும் மறுநாளே முற்றும். சின்னாளில் வலி தணிந்து, நோய் தீர்ந்ததென்று எண்ணச் செய்யும். பின்னர் ஒருநாள் குந்தியெழுங்கால் மூட்டு திடீரெனப் பூட்டிக்கொண்டு நீள மறுக்கும். பொதுமக்கள் இதனை 'ஜவ்வு கிழிந்தது' என்று வழங்குவர். எலும்புகளைப் பிணிக்கும் நார் அறுதலையும் இப்பெயராலேயே அவர் குறித்தலின், இரண்டும் ஒன்றெனப் பலர் மயங்குகின்றனர். அவை வேறு வேறாம், மருந்தும் வேறாம். சிலர் மேலே எண்ணெய் பூசிக் கட்டுப் போட்டுக்கொள்வர். புறத்தே இடும் கட்டு ஓய்வு தருமேயன்றி, மூட்டினுள் இடம் பெயர்ந்து மடிந்து கிடக்கும் கிழிவைத் தன் இடத்திற் கொண்டு சேர்க்கமாட்டாது.

பிறையின் அமைப்பும் தொழிலும்

தொடையெலும்பின் கீழ்முனை உருண்டது. கணைக்காலெலும்பின் மேல்முனையோ ஏறக்குறையத் தட்டையானது. உருண்டையைத் தட்டையின்மேல் வைத்தால் இரண்டும் ஒரு புள்ளியளவே தொடும். உடற்பாரம் முழுவதும் அப்புள்ளியிற் குவியும். இக்குறையை நீக்குதற்கு ஒவ்வொரு முழந்தாளிலும் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு குருத்தெலும்புகள் அமைந்துள்ளன. மூன்றாம் பிறைத் திங்களை ஒப்ப வளைந்திருத்தலின் கிரேக்க மொழியில் சிறுபிறை என்னும் பொருளில் இவற்றிற்குப் பெயர் வழங்கினர். யாமும் பிறை என்றே கூறுவாம். வெளிவிளிம்பில் தடித்தும் உள்விளிம்பில் கத்திமுனைபோல் மெலிந்தும் ஆப்பு வடிவில் அமைந்து, உருண்டைக்கும் தட்டைக்கும் இடையேயுள்ள வெளியை இவை நிரப்புகின்றன. பானையை நிறுத்த வைக்கோற் புரிமணை வைப்பாரன்றோ? அதனைப் போன்றதே இவ்வமைப்பு.

பிறையின் எடையில் முக்காற்பங்கு வரை நீரேயாம். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் இழைப்பொருள். அவ்விழைகளிற் பெரும்பாலன விளிம்பைச் சுற்றி வளையமாக ஓடுகின்றன. மேலிருந்து பாரம் அழுத்துங்கால் ஆப்பு வெளியே நழுவ முயலும். சுற்றியோடும் இழைகள், பீப்பாய்க்கு இட்ட இரும்புப் பட்டைபோல் இறுகி நின்று அதனைத் தடுக்கும். இங்ஙனம் கீழ்நோக்கிய பாரம் சுற்றளவின் இழுவிசையாய் மாறிப் பரவுகின்றது. கால் நீண்டு நிற்கையில் மூட்டின் பாரத்தில் ஏறக்குறையப் பாதியையும், செங்கோணமாய் மடங்குகையில் நூற்றுக்கு 85 பங்கு வரையும் பிறைகள் தாங்குகின்றன என்று அளந்து கண்டனர். வலை முடைவோரும், வயலில் நாற்று நடுவோரும், அடுக்களையிற் குந்தியிருந்து வேலை செய்வோரும் மிகுதியாயுள்ள நம் நாட்டில் இக்கணக்கு எத்துணை முக்கியமானதென்பது சொல்லாமலே விளங்கும்.

ஒன்று மட்டும் இதிற் குறை. பிறையின் வெளிவிளிம்பிற்கே இரத்த ஓட்டம் உண்டு. 1982-ஆம் ஆண்டில் ஆர்னோஸ்கி, வாரன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், வெளிவிளிம்பினின்று உள்நோக்கி நூற்றுக்கு 10 முதல் 30 பங்கு வரையுள்ள அகலத்திற்கே குருதிக் குழல்கள் செல்கின்றன என்று காட்டினர். அவ்வெல்லைக்கு உட்பட்டது செம்பகுதி, அப்பாற்பட்டது வெண்பகுதி. செம்பகுதியின் கிழிவு பொருத்தி வைத்தால் கூடும். வெண்பகுதியின் கிழிவு கூடுதல் அரிது. இப்பிரிவை நினைவில் வைத்துக்கொண்டால் மேல் வருவன அனைத்தும் எளிதில் விளங்கும்.

வெட்டியெறிந்த காலம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பேர்பெற்ற இரணவைத்தியராகிய பிளண்ட் சட்டன் என்பார், பிறைகள் காலின் பழந்தசை ஒன்றின் பயனற்ற மிச்சமே என்று எழுதினார். பயனற்றதைக் காப்பானேன் என்னும் எண்ணத்தால், கிழிந்த பிறையை முழுதும் அறுத்தெடுத்தலே பல்லாண்டுகள் முறையாய் நிலவிற்று. நோயாளியும் சில கிழமைகளில் எழுந்து நடந்தான்; பூட்டுதல் நின்றது; வைத்தியரும் மகிழ்ந்தார்.

1948-ஆம் ஆண்டில் பேர்பாங்கு என்னும் ஆங்கில வைத்தியர், பிறை நீக்கப்பட்ட முழந்தாள்களை எக்ஸ் கதிர்ப் படங்களால் ஆராய்ந்து தாம் கண்டதை வெளியிட்டார். எலும்பின் விளிம்பில் மேடு எழுதலும், மூட்டின் இடைவெளி குறுகுதலும், தொடையெலும்பின் உருண்டை தட்டையாதலும் அவர் கண்ட மாறுதல்கள். பயனற்றதென்று எறிந்த பொருள் பாரந்தாங்கியது என்பதும், அது போனபின் எலும்போடு எலும்பு உரைந்து மூட்டு விரைவில் முதுமை எய்தும் என்பதும் அதன்பின் மெல்ல மெல்லத் தெளிவாயின. இருபதாம் வயதில் பிறையை இழந்தவன் நாற்பதாம் வயதில் கோலூன்றி நடக்க நேரலாம் என்றால், சில கிழமைகளில் எழுந்து நடந்ததனால் அவன் பெற்றது என்ன?

தைக்கத் துணிந்தோர்

பிளண்ட் சட்டன் தம் கருத்தை எழுதுதற்கு முன்னும், அக்கருத்து ஓங்கியிருந்த காலத்திலும், பிறையைத் தைத்துக் காக்கலாம் என்று துணிந்தவர் இல்லாமற் போகவில்லை. ஸ்காத்துலாந்து தேசத்து எடின்பரோ நகரில் தாமஸ் அனண்டேல் என்பார் 1883-ஆம் ஆண்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழந்தாளைத் திறந்து, இடம்பெயர்ந்த பிறையை அதன் இடத்தில் நிறுத்தித் தைத்தார். 1885-இல் அச்செய்தியை அச்சிட்டார். பெரும்பாலோர் அதனைப் பின்பற்றவில்லை. 1936-ஆம் ஆண்டில் கிங் என்பார் நாய்களிற் செய்த சோதனையால், குருதி வரும் விளிம்போடு தொடர்புற்ற கிழிவு தானே கூடும் என்று நிறுவினார்.

மூட்டைப் பெரிதாய்த் திறவாமல் உள்ளே நோக்குங் கருவி கிடைத்த பின்னரே தையல் பெருகியது. 1918-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் தகாகி என்பார் சிறுநீர்ப்பையை நோக்குங் குழாயைக் கொண்டு இறந்தோர் முழந்தாளின் உட்புறத்தைப் பார்த்தார். அவர் மாணவராகிய வதனபே அக்கருவியைச் செப்பஞ் செய்தார். வதனபேயின் வழியில் வந்த இக்கேயுச்சி 1969-ஆம் ஆண்டில் அந்நோக்கியின் துணையால் பிறையைத் தைத்தார். ஆசிரியர், மாணவர், அவர்க்கு மாணவர் என்று மூன்று தலைமுறை அறிவு ஒரு நூலிற் கோத்து வந்தமை கல்லூரியிலுள்ளார் கருதத்தக்கது.

ஆயினும் அத்தையல் எளிதன்று. ஊசியை உள்ளிருந்து வெளியே செலுத்தி, முழந்தாளின் பின்புறம் தோலைக் கீறி, முடிச்சை அங்கே இடல்வேண்டும். முழந்தாளின் பின்குழியிலோ காலுக்குச் செல்லும் பெருங் குருதிக் குழல்களும் நரம்புகளும் நெருங்கிக் கிடக்கின்றன. ஊசி ஒரு விரற்கடை பிசகினும் கேடு பெரிதாம். ஆகவே, பின்புறங் கீறாமலும் முடிச்சிடாமலும் மூட்டின் உள்ளிருந்தே கிழிவைப் பிணிக்க ஒரு வழி வேண்டும் என்று வைத்தியர் விரும்பினர். ஆணி அடித்துப் பலகையைப் பொருத்துவதுபோல் பொருத்தினால் ஆகாதோ என்பது அவர் கருத்து. இரும்பாணி ஆகாது, அது மூட்டினுள் கிடந்து உராயும், பின்னர் அதனை எடுக்க மீண்டும் அறுக்கவேண்டும். வேலை முடியுமளவும் வலிதாயிருந்து, முடிந்தபின் தானே மறையும் ஆணி வேண்டும்.

கரையும் பொருள்

உடம்பினுள் விட்டுவிடக்கூடிய தையற்பொருளைத் தேடுதல் நம் நாட்டில் மிகப் பழமையானது. சுசுருத சங்கிதையில், கிழிந்த குடலின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பெரிய கருவெறும்புகளைக் கடிக்கவிட்டு, அவற்றின் உடலைக் கிள்ளிவிட்டுத் தலைகளை அங்கேயே விட்டுவிடும் முறை கூறப்பட்டுள்ளது. 1860-களின் இறுதியில் லிஸ்டர் பிரபு, ஆட்டுக்குடலினின்று திரித்த நூலைக் கிருமி நீக்கி ஆண்டு, அது உடம்பில் உறிஞ்சப்படுதலைக் கண்டார். அனண்டேல் தைத்ததும் இவ்வகைக் குடல்நூலாலேயே. எனினும் அந்நூல் விரைவில் வலியிழக்கும், ஆணியாக உதவாது.

பயன்பட்ட பொருள் நம் வீட்டுத் தயிர்ப்பானையோடு உறவுடையது. 1780-ஆம் ஆண்டில் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு இரசாயனி புளித்த பாலினின்று ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே லாக்டிக் அமிலம். நாம் ஓடுங்கால் நம் தசைகளிலும் இப்பொருளே தோன்றுகின்றது. இதன் அணுத்திரள்களை மணிமாலைபோல் நீளக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம் என்னும் திண்ணிய பொருள் கிடைக்கும். 1932-ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனியாகிய கரோதர்ஸ் சிறு அளவில் இதனைச் செய்து பார்த்தார். 1966-ஆம் ஆண்டில் குல்கர்ணியும் அவரோடு உழைத்தோரும் இப்பொருளை விலங்குகளின் உடலில் வைத்துச் சோதித்து, அது தீங்கு விளையாது மெல்லக் கரைதலை அமெரிக்க இரணவைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டனர்.

கரைதல் என்பது உப்பு நீரிற் கரைவது போன்றதன்று. உடம்பிலுள்ள நீர் மாலையின் உள்ளே புகுந்து, மணிக்கும் மணிக்கும் இடையேயுள்ள இணைப்பை ஒவ்வொன்றாய் அறுக்கின்றது. முதலில் மாலை குறுகி வலி குன்றும், வடிவம் மாறாது. பின்னர்த் துணுக்குகள் உதிரும். இறுதியில் தனி மணிகளாகிய லாக்டிக் அமிலம் மிஞ்சும். அதனை உடம்பு தன் சொந்தப் பொருளாகவே ஏற்று, உணவை எரிக்கும் வழியிலேயே எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேற்றும். வலி குன்றுதல் முன்னும், பொருள் மறைதல் நெடுநாட் பின்னும் நிகழ்கின்றன என்பதை மாணவர் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் குறைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

டாம்பெரே நகரத்து அம்பு

இப்பொருளைக் கொண்டு எலும்பைப் பிணிக்கும் அளவு வலிய ஆணி செய்தவர் பின்லாந்து தேசத்தார். டாம்பெரே நகரத்துத் தொழிற் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தொர்மாலாவும், ஹெல்சிங்கி நகர வைத்தியராகிய ரொக்கனனும் ஒருங்கு உழைத்தனர். ஒரு பொருளின் இழைகளை அதே பொருளின் பிசினில் அடுக்கி இறுக்கினால், கயிற்றின் முறுக்குப்போல் வலிமை பன்மடங்காகும் என்பது அவர் கண்ட உத்தி. 1984-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் கணுக்கால் முறிவிற்கு இவ்வகைக் கரையும் ஆணியை முதன்முதல் இட்டனர். அது பெரும்பாலும் கிளைகாலிக் அமிலத்தாலான உறவுப்பொருளால் ஆயது. அது மிக விரைந்து கரைந்தமையால் சிலர்க்கு அவ்விடம் வீங்கி நீர்கட்டியது. ஆகவே மெல்லக் கரையும் லாக்டிக் வகைக்கு மாறினர்.

முழந்தாட் பிறைக்குரிய அம்பு 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதனை முதலில் ஆண்டு எழுதியவர் டென்மார்க்கு தேசத்து வைத்தியராகிய ஆல்பிரெக்ட் ஓல்சென். அம்பின் தண்டு 1.1 மில்லிமீட்டர் பருமன். நீளம் 10, 13, 16 மில்லிமீட்டர் என மூவகை. தண்டில் மீன்தூண்டிலின் முள்ளைப்போல் பின்னோக்கிய சிறு முட்கள் உண்டு, உட்செல்லும், திரும்பாது. மேலே ஆணித்தலை போன்றதொரு குறுக்குத் தலை உண்டு. வைத்தியர் இரண்டு சிறு துளைகளிட்டு, ஒன்றில் நோக்கியையும் மற்றொன்றில் கருவியையும் செலுத்துவார். உப்புநீர் பாய்ச்சி மூட்டை விரித்து, கிழிவின் விளிம்புகளை அரத்தால் மெல்லத் தேய்த்துக் குருதி கசியச் செய்வார். பழம் விளிம்பு பழம் விளிம்போடு கூடாதன்றோ? பின்னர் விளிம்புகளைச் சேர்த்து வைத்துக் குழாய் வழியே அம்பை உந்துவார். முள் வெளிப்பகுதியைப் பற்ற, தலை உட்பகுதியை அழுத்த, கிழிவு மூடும்.

பின்புறக் கீறலும் முடிச்சும் இல்லை. வேலை விரைவில் முடியும். நரம்புக்கு அச்சம் குறைவு. 1996-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கமும் இதற்கு இசைவளித்தது. 1999-ஆம் ஆண்டில் ஆல்பிரெக்ட் ஓல்சென் முதலியோர் 68 நோயாளிகளை அம்புக்கும் தையலுக்கும் எனத் திருவுளச்சீட்டு முறையாற் பகுத்துச் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். சில திங்கள் கழித்து மீண்டும் நோக்கிப் பார்த்தபோது, அம்பு பெற்றோருள் நூற்றுக்கு 91 பேருக்கும் தையல் பெற்றோருள் 75 பேருக்கும் கிழிவு முழுதுமோ ஓரளவோ கூடியிருந்தது. இதனைக் கண்டோர் அம்பே இனி முறையென்று எண்ணியது வியப்பன்று.

காலங் காட்டிய குறை

ஆனால் முழந்தாளின் நலம் சில திங்களில் அளக்கத்தக்கதன்று. ஆண்டுகள் செல்லச்செல்ல வேறு செய்திகள் வந்தன. அம்பின் தலை மூட்டினுள் சற்றே நீண்டு நின்றவிடத்து, நடக்குந்தோறும் தொடையெலும்பின் வழவழப்பான குருத்துப் பரப்பைக் கீறிற்று. பிறையைக் காக்க வந்த பொருள் அதனினும் அரிய பரப்பிற் பள்ளம் பறித்தது. கரையும் பொருளாயினும், மேலே கூறியவாறு, அது மறைய ஆண்டுகள் சென்றன. அதுவரை அத்தலை அங்கேயே நின்றது. சிலர்க்கு அம்பு முறிந்தும் நழுவியும் தோலின்கீழ்த் தட்டுப்பட்டது. அம்பைப் பறிக்க வேண்டும் விசையைச் சோதனைச் சாலையில் அளந்தோர், செங்குத்தாய் இட்ட தையலின் வலியில் ஏறக்குறையப் பாதியே அம்புக்கு உண்டென்று கண்டனர்.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இவ்விஷயத்தை நன்கு தெளிவித்தது. மூட்டின் உட்பிணிப்பு நாரையும் புதுப்பித்து, பிறைக்கு அம்பையும் இட்ட நோயாளிகளுள், சராசரி 2.3 ஆண்டில் நூற்றுக்கு 90.6 பேர்க்கு வெற்றி எனக் கணக்கிடப்பட்டிருந்தது. அதே நோயாளிகளைச் சராசரி 6.6 ஆண்டில் மீண்டும் கணக்கிட்டபோது அவ்வெற்றி 71.4 ஆகக் குறைந்தது. கருவியும் ஒன்று, கைகளும் ஒன்று, நோயாளிகளும் ஒருவரே. காத்திருந்த காலம் ஒன்றே வேறு. முதற் கணக்கோடு நின்றிருந்தால் அம்பின் புகழ் குன்றியிராது. நோயாளிகளின் முழந்தாள்களே குன்றியிருக்கும்.

இதனால் விறைத்த அம்புகளும் ஆணிகளும் பெரும்பாலும் கைவிடப்பட்டன. அவற்றின் நற்கருத்து மட்டும் நிலைத்தது. இன்று ஆளும் கருவிகளில், மூட்டின் உள்ளிருந்தே செலுத்தப்படும் இரண்டு சிறு பிடிகள் பிறையின் பின்புறத்தே சென்று குறுக்காய் நிற்கும். இடையே ஓடும் நூலை இழுத்தால் முன்கூட்டி இட்ட முடிச்சு வழுக்கிச் சென்று இறுகும். மூட்டினுள் தலை நீட்டிக்கொண்டிருப்பது ஒன்றுமில்லை. பிடிகள் சிலவகையில் கரையும் பொருளாலும், சிலவகையில் கரையாத மெல்லிய பொருளாலும் ஆயவை. பெருங்கிழிவுகளுக்குப் பழைய ஊசித்தையலையே இன்றும் பலர் உரைகல்லாகக் கொள்ளுகின்றனர்.

கடற்றொழிலாளி கேட்கும் கேள்வி

இனி, இவ்வறிவு நம் கடற்கரையில் எவ்வாறு பயன்படும் என்று நோக்குவாம். முழந்தாள் பூட்டிக்கொண்ட ஓர் இளம் பரதவன் வைத்தியரிடம் வருகின்றான் என்று கொள்வோம். கோவளத்திற்கு அண்மையிலுள்ள கேளம்பாக்கத்திலேயே மருத்துவக் கல்லூரியோடு கூடிய பெருமருத்துவமனை உண்டு. சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையும் எட்டாத் தொலைவன்று. வைத்தியம் கிட்டாமை அவன் துன்பமன்று. கிழிந்த துண்டை வெட்டியெடுத்தால் சில கிழமைகளிற் கடலுக்குப் போகலாம். பொருத்தினாலோ சில கிழமைகள் கோலூன்றி நடந்து, மூன்று நான்கு திங்கள் குந்தியிராமல், ஏறக்குறைய ஆறு திங்கள் படகு தள்ளாமல் இருத்தல் வேண்டும். மருத்துவமனைச் செலவைக் காப்பீடு ஏற்பதாயினும், அத்தனை திங்களும் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! இயந்திரப் படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. சிறுபடகிற் போவோர்க்கு அவ்வோய்வும் இல்லை.

ஆகவே அவன் 'வெட்டிவிடுங்கள், ஐயா' என்று கேட்டால் அதனை அறியாமை என்று இகழ்தல் தகாது. அவன் இன்றைய உணவைக் கணக்கிடுகின்றான். வைத்தியரோ இருபது ஆண்டுகட்கு அப்பாற்பட்ட முழந்தாளைக் கணக்கிடுகின்றார். இருவர் கணக்கும் மெய்யே. இரண்டையும் ஒருங்கு வைத்து எடுத்துரைத்தாலன்றி முடிவு நன்றாகாது. கிழிந்த வலையை எறிந்துவிட்டுப் பாதி வலையோடு கடலுக்குச் செல்வோர் அவன் குப்பத்தில் ஒருவரும் இலர். ஒருநாள் தொழில் கெடினும் கரையில் இருந்து முடைந்த பின்னரே செல்வர். இவ்வுண்மையை அவன் எவரினும் நன்கு அறிவான். முழந்தாளும் அத்தகையதே என்று அவன் மொழியில் உரைப்பார் இருந்தால், அவனும் அவன் வீட்டாரும் உற்றாரும் அவ்வாறு திங்களுக்கு ஒரு வழி காண முயல்வர்.

எனினும் எல்லாக் கிழிவும் பொருத்தத்தக்கதன்று. இளைஞர்க்கு, அடிபட்ட சின்னாளில், செம்பகுதியில், நீளவாட்டத்தில் உண்டான கிழிவே பொருத்துதற்கு ஏற்றது. வயது முதிர்ந்தோர்க்குத் தேய்வினால் தானே நைந்த பிறை, நைந்த துணியைப்போல், தையலைத் தாங்காது. அத்தகையதை வெட்டுதலும் பலர்க்குத் தேவையன்று. அம்பைப் படைத்த அதே பின்லாந்து தேசத்தில் 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், 35 முதல் 65 வயதுக்கு உட்பட்ட, தேய்வினாற் பிறை கிழிந்த 146 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்குக் கிழிந்த பகுதியை வெட்டினர். மற்றவர்க்குத் துளையிட்டு நோக்கியதோடு நிறுத்தினர். ஓராண்டு கழித்து இரு கூற்றார் நலமும் ஏறக்குறைய ஒத்தேயிருந்தது. ஆகலின் முதியோர்க்குத் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியே முதல் மருந்தாம்.

ஆதலால், தமக்கோ தம் சுற்றத்தார்க்கோ இந்நோய் நேர்ந்தவிடத்து, வைத்தியரை மூன்று கேள்விகள் கேட்குமாறு நம் மாணவரை வேண்டுகின்றோம். கிழிவு செம்பகுதியிலோ வெண்பகுதியிலோ என்பது முதலாவது. பொருத்த இயலுமா, இயலாதெனின் எத்துணைக் குறைவாய் வெட்டலாம் என்பது இரண்டாவது. உள்ளே வைக்கும் பொருள் யாது, அது எத்தனை ஆண்டு தங்கும், அதனை இட்டோரைப் பல்லாண்டு கழித்துப் பார்த்தோர் என்ன கண்டனர் என்பது மூன்றாவது. நல்ல வைத்தியர் இவற்றைக் கேட்பதனாற் சினவார், மகிழ்வர்.

முடிவுரை

ஒரு நூற்றாண்டிற்கு மேலாக ஒரு சிறு குருத்தெலும்பைப் பற்றி மேனாட்டார் செய்ததும் செய்யாது விட்டதும் சுருக்கமாய் மேலே கூறப்பட்டன. பயன் தெரியாததைப் பயனற்றது என்று துணிந்தமையால் எண்ணிறந்த பிறைகள் எறியப்பட்டன. புதிய கருவி ஒன்றைச் சில திங்களின் வெற்றியால் அளந்தமையால் சில முழந்தாள்கள் புண்பட்டன. இரண்டையும் திருத்தியவர், பழைய நோயாளிகளை மறவாது மீண்டும் அழைத்துப் பார்த்த பொறுமையாளரே. பேர்பாங்கு செய்ததும் அதுவே. 2005-இல் தம் சொந்த வெற்றிக்கணக்கைத் தாமே குறைத்தெழுதியோர் செய்ததும் அதுவே.

நம் கல்லூரியில் இரசாயனமும் விலங்கியலும் பயிலும் மாணவருள் சிலர் நாளை வைத்தியராதல் கூடும். சிலர் புதிய பொருள்களைப் படைப்போராதல் கூடும். பின்லாந்தின் குளிரில் பனிச்சறுக்குவோர்க்காக எண்ணிய கருவிகளையே நாம் என்றும் விலைக்கு வாங்கிக்கொண்டிருத்தல் வேண்டுவதில்லை. குந்தியிருந்து உண்டு, குந்தியிருந்து உழைத்து, ஈரமணலிற் படகு தள்ளும் மக்களின் முழந்தாளுக்கு ஏற்றது எதுவென்று ஆராய்தற்கு, அம்மக்களிடையே பிறந்தோரினும் தக்கார் யாவர்? அவ்வாராய்ச்சியில் இறங்குவோர் தாம் செய்த பொருளின் நலத்தைப் பத்தாண்டு கழித்தும் சென்று கேட்கும் உள்ளம் உடையராயிருத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.